மாம்பழ வாசனையும் மூளையும்: சுவையூட்டிய இ-சிகரெட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவனின் ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து மாம்பழ வாசனை வந்தது. அது தை மாதம். மாம்பழக் காலமே இல்லை. திறந்து பார்த்தால் காம்பஸுக்கும் அளவுகோலுக்கும் நடுவில் ஹைலைட்டர் பேனாவைப் போல மஞ்சள் நிறத்தில் ஒரு கருவி: இ-சிகரெட். நான் உயிரியல் ஆசிரியர் என்பதால் அன்று முதல் பெற்றோர், பிள்ளைகள், சக ஆசிரியர்கள் என்று எல்லோரிடமிருந்தும் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. நுரையீரலைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். என்னிடம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை மூளையைப் பற்றியவை. கேட்டவர்கள் கேட்ட தொனியிலேயே அவற்றைத் தந்திருக்கிறேன்.

இது வெறும் நீராவிதானே சார்? புகையே இல்லையே?

புகை இல்லை என்பது சரி. நீராவி என்பது தவறு. கருவியைப் பிரித்தால் உள்ளே பெரிய ரகசியம் ஒன்றும் கிடையாது: ஒரு சிறு பேட்டரி, நகத்தளவு கம்பிச் சுருள், அதையொட்டித் திரவத்தில் ஊறிய பஞ்சு. வாயால் இழுத்ததும் சுருள் சூடேறித் திரவத்தை ஆவியாக்குகிறது. ஆவி குளிர்ந்து நுண்துளிகளாகி நுரையீரலுக்குள் போகிறது. நாடக மேடையில் புகைமூட்டம் போடப் பயன்படும் புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும்தான் அந்தத் திரவத்தின் பெரும்பகுதி. மிச்சம் நிகோடினும் சுவையூட்டிகளும்.

இன்றைய வடிவத்தை 2003 வாக்கில் உருவாக்கியவர் ஹான் லிக் என்ற சீன மருந்தாளுநர். அவரே கடுமையாகப் புகைபிடித்தவர். தனக்கு ஒரு மாற்றுத் தேடித்தான் இதில் இறங்கினார். பள்ளிப் பிள்ளையின் ஜியோமெட்ரி பாக்ஸுக்கு அது வந்து சேர்ந்தது பின்னால் நடந்த கதை.

மாம்பழ வாசனை வருகிறதே, உள்ளே மாம்பழச் சாறா ஊற்றியிருக்கிறார்கள்?

ஒரு சொட்டுக் கூட இல்லை. எல்லாம் ஆய்வகத்தில் கலந்த மணப்பொருள்கள். வெனிலா மணத்துக்கு வெனிலின், பஞ்சுமிட்டாய் மணத்துக்கு எத்தில் மால்ட்டால் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மூலக்கூறோ பல மூலக்கூறுகளின் கலவையோ இருக்கிறது. நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பங்கு நாக்கினுடையது அல்ல, மூக்கினுடையது. ஜலதோஷம் பிடித்த நாளில் ரசம் வெறும் புளித்த வெந்நீராகத் தெரிவது இதனால்தான். வாயின் பின்வழியாக மணம் மூக்குக்கு ஏறினால்தான் மாம்பழம் மாம்பழமாகிறது.

மற்றப் புலன்களின் செய்திகள் தலாமஸ் என்ற இடைநிலையத்தில் இறங்கிவிட்டுத்தான் மூளையின் மேல்தளத்துக்குப் போகும். மணத்துக்கு அந்த நிறுத்தம் கிடையாது. உணர்ச்சியையும் நினைவையும் கவனிக்கும் பகுதிகளுக்கு அது நேர் பஸ்ஸில் போய்விடுகிறது. புது நோட்டுப் புத்தகத்தை முகர்ந்ததும் ஜூன் மாதத்து முதல் நாள் வகுப்பறை கண்முன் வருகிறதே, அதே பாதைதான். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இவை எல்லாம் மிட்டாயிலும் கேக்கிலும் போடுகிற பொருள்தானே? தின்றால் ஒன்றும் ஆவதில்லையே?

தின்பது வேறு, இழுப்பது வேறு. வெண்ணெய் மணம் தரும் டையசெட்டைல் உணவில் அனுமதிக்கப்பட்டதுதான். ஆனால் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், மைக்ரோவேவ் பாப்கார்ன் ஆலை ஒன்றில் அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்கு நுரையீரலின் சிறு காற்றுக்குழாய்கள் சேதமானது 2000-ஆம் ஆண்டு தெரியவந்தது. இது நுரையீரல் விஷயம் என்பதால் இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

நிகோடின் மூளைக்குள் போய் என்னதான் செய்கிறது?

நம் நரம்புச் செல்கள் தமக்குள் பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் வேதிப்பொருள்களில் ஒன்று அசிட்டைல்கோலின். அதை வாங்கிக்கொள்ளச் செல்களின் மேல் ஏற்பிகள் இருக்கின்றன. நிகோடினின் வடிவம் அந்த ஏற்பிகளில் சிலவற்றுக்குப் பொருந்திவிடுகிறது. கள்ளச்சாவி போட்டுப் பூட்டைத் திறப்பது போலத்தான். இழுத்த பத்து முதல் இருபது வினாடிக்குள் நிகோடின் மூளையை அடைகிறது. கை ரத்தக்குழாயில் ஊசி போட்டால்கூட இதைவிட வேகமாகப் போகாது. நடுமூளையில் உள்ள ஒரு சிறு செல் கூட்டம் தூண்டப்பட்டு, பரிசைத் தேடத் தூண்டும் நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் என்ற பகுதியில் டோபமைன் என்ற இன்னொரு வேதிப்பொருள் சுரக்கிறது.

எவ்வளவு நிகோடின் வேண்டும் என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் 2006-இல் வெளியான மூளை ஸ்கேன் ஆய்வு ஒன்றில், சாதாரண சிகரெட்டை ஓரிரு முறை இழுத்ததுமே அந்த வகை ஏற்பிகளில் பாதி நிரம்பிவிட்டது தெரிந்தது. ஒரு முழு சிகரெட்டுக்குப் பிறகு கிட்டத்தட்ட 90 சதவீதம். 'ஒரே ஒரு இழுப்புதான்' என்று சொல்லும் பையனிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கணக்கைத்தான்.

தினமும் இப்படி நிரப்பிக்கொண்டிருந்தால் ஏற்பிகள் மரத்துப்போகின்றன. அதை ஈடுகட்ட மூளை அவற்றின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. காலையில் எழுந்ததும் அத்தனை ஏற்பிகளும் காலியாக இருக்கும். எரிச்சல், படிப்பில் கவனமின்மை, காரணமில்லாத கோபம் எல்லாம் அந்தக் காலியிடத்திலிருந்து வருபவை. வேப் (இ-சிகரெட்) இழுத்தால் மனம் அமைதியாகிறது என்று பிள்ளைகள் சொல்வது பொய்யல்ல. அந்த அமைதியின்மையைத் தந்ததும் அதுவே என்பதை மட்டும் அவர்கள் கவனிப்பதில்லை.

டோபமைன் என்றால் இன்பம் தருகிற சுரப்பு. அதைத் தூண்டினால் நல்லதுதானே?

டோபமைனை 'இன்ப ஹார்மோன்' என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். அது பெரும்பாலும் இன்பத்தைத் தருவதல்ல. இன்பம் எங்கே கிடைக்கும் என்று கற்றுத் தருவது. உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் குரங்குகளை வைத்துச் செய்த சோதனைகள் இதற்குப் புகழ்பெற்ற சான்று. விளக்கு எரியும், சற்று நேரத்தில் குரங்கின் வாயில் பழச்சாறு விழும். தொடக்கத்தில் சாறு விழும்போது டோபமைன் செல்கள் துடித்தன. பழகிய பிறகு சாற்றுக்கு அவை அசையவே இல்லை. விளக்கு எரிந்தவுடன் துடித்தன. விளக்கு எரிந்தும் சாறு வராமல்போனால், சாறு வரவேண்டிய அந்த நேரத்தில் செல்கள் அடங்கிப்போயின.

அதாவது மூளையின் கவனம் பரிசிலிருந்து பரிசின் அறிகுறிக்குத் தாவிவிட்டது. இ-சிகரெட்டில் நிகோடின்தான் பழச்சாறு. விளக்கு எது என்பதுதான் இந்தப் பக்கம் முழுவதற்குமான கேள்வி.

அடிமைப்படுத்துவது நிகோடின்தானே? சுவையை ஏன் குறை சொல்கிறீர்கள்? அது வெறும் அலங்காரம்தானே?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, மிகவும் தவறான எண்ணமும் இதுதான். நிகோடின் மட்டும் போதும் என்றால், தோலில் ஒட்டும் நிகோடின் பட்டைக்கு ஊரே அடிமையாகியிருக்க வேண்டும். அப்படி ஆவதில்லை. பட்டையில் நிகோடின் மெதுவாக ஊறுகிறது. கூடவே வாசனை இல்லை, தொண்டையில் உணர்வு இல்லை, கைக்கு வேலை இல்லை. மூளை பிடித்துக்கொள்ள விளக்கு எதுவும் இல்லை.

சுவையூட்டிய கருவியில் விளக்கு இருக்கிறது, அதுவும் பளிச்சென்று. ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரே மாம்பழ மணம், சில வினாடிகளில் நிகோடின். ஒரு நாளில் நூறு முறை இந்தப் பாடம் நடக்கலாம். எந்த ஆசிரியருக்கும் அப்படி ஒரு மாணவன் கிடைக்கமாட்டான். மேலே சொன்ன நேர் பஸ் பாதை வழியாக மணம் நினைவோடு ஒட்டிக்கொள்கிறது. சில வாரங்களில் நண்பனின் சட்டையில் அந்த மணம் வந்தாலே உள்ளுக்குள் இழுக்கிறது.

இன்னொரு வேலையும் நடக்கிறது. தன்னோடு சேர்ந்து வரும் மற்றப் பொருள்களின் மதிப்பை நிகோடின் மூளையில் ஏற்றிவிடுகிறது. எலிகளிடம் நன்றாகச் சோதிக்கப்பட்ட விஷயம் இது: சாதாரணமாக எலி பெரிதாக அக்கறை காட்டாத ஒரு சிறு விளக்கொளிக்காக, நிகோடின் கொடுத்த எலி விடாமல் நெம்புகோலை அழுத்துகிறது. மங்கலான ஒளிக்கே இப்படியென்றால், ஏற்கெனவே இனிக்கிற மணத்துக்கு எப்படியிருக்கும்? சுவை நிகோடினைப் பிடிக்க வைக்கிறது, நிகோடின் சுவையை இன்னும் பிடிக்க வைக்கிறது. கூட்டுக் களவாணிகள் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள்.

அப்படியானால் நிகோடினே இல்லாத, வெறும் சுவை மட்டும் உள்ளதை இழுக்கலாமா?

முதல் சிக்கல் லேபிள். நிகோடின் இல்லை என்று அச்சடித்த திரவங்களைப் பரிசோதித்தபோது நிகோடின் இருந்தது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. கள்ளச்சந்தையில் வாங்கிய பொருளின் லேபிளை நம்புவது, லாட்டரிச் சீட்டை நம்பிக் கல்யாணத் தேதி குறிப்பது போன்றது.

இரண்டாவது, சில மணப்பொருள்கள் தாங்களாகவே மூளையில் வேலை செய்யக்கூடும். பச்சை ஆப்பிள் மணத்தில் வரும் ஃபார்னசீன் என்ற பொருளை அமெரிக்காவின் மார்ஷல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுண்டெலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். ஃபார்னசீன் கிடைத்த அறையிலேயே இருக்க எலிகள் விரும்பின. அதில் நிகோடின் துளியும் இல்லை. நடுமூளையின் நிகோடின் ஏற்பிகளிலேயே அது மாற்றம் செய்திருந்தது. எலிக்கு நடந்தது அப்படியே மனிதனுக்கும் நடக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 'சுவை வெறும் அலங்காரம்' என்ற வாதம் அந்த ஆய்வகத்திலேயே ஆட்டம் கண்டுவிட்டது.

மனிதர்களின் மூளையைப் படம் எடுத்துப் பார்த்திருக்கிறார்களா, அல்லது எல்லாம் எலிக் கதைதானா?

பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், இளைஞர்களை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்க வைத்து இ-சிகரெட் விளம்பரங்களைக் காட்டினார்கள். புகையிலைச் சுவை விளம்பரத்தைவிடப் பழச்சுவை, இனிப்புச்சுவை விளம்பரங்களுக்கு நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் அதிகமாக விழித்துக்கொண்டது. அவர்கள் இழுக்கக்கூட இல்லை; படத்தைத்தான் பார்த்தார்கள்.

எனக்குச் சுருக்கென்று தைத்தது அதே ஆய்வின் இன்னொரு முடிவு. இனிப்புச்சுவை விளம்பரங்களில் அச்சடித்திருந்த எச்சரிக்கை வாசகம் பார்த்தவர்களின் மனத்தில் சரியாகத் தங்கவில்லை. ஸ்ட்ராபெர்ரிப் படத்துக்குக் கீழே எத்தனை பெரிய எழுத்தில் எச்சரிக்கை போட்டாலும் கண் போவது ஸ்ட்ராபெர்ரிக்குத்தான்.

மெந்தாலும் 'ஐஸ்' வகையும் வெறும் குளிர்ச்சிதானே? தைலத்தில் இல்லாத மெந்தாலா?

தைலத்தில் இருப்பதே மெந்தால்தான். அதனால்தான் அது நம் வீட்டுப் பொருள் போல அப்பாவியாகத் தெரிகிறது. குளிரை உணர்வதற்கென்று நம் நரம்பு முனைகளில் டிஆர்பிஎம்8 என்ற ஏற்பி இருக்கிறது. மெந்தால் அதைத் தொட்டுவிட, குளிரே இல்லாமல் குளிர்கிறது. இந்த ஏற்பியை 2002-இல் தனித்தனியாக அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் இருவருக்கும் வெப்பம், தொடுதல் பற்றிய ஆய்வுகளுக்காக 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது.

தொண்டை எரிச்சல் என்பது உடல் அடிக்கும் மணி. மெந்தால் அந்த மணியின் நாக்கைத் துணியால் சுற்றிவிடுகிறது. இருமல் வராததால் ஆழமாக இழுக்க முடிகிறது. அதோடு உடல் நிகோடினைச் சிதைத்து வெளியேற்றும் வேகத்தையும் மெந்தால் குறைக்கிறது. மெந்தால் சிகரெட் பிடிப்பவர்களின் மூளையில் நிகோடின் ஏற்பிகள் மற்றப் புகைப்பவர்களைவிட அதிகம் என்றும் ஸ்கேன் ஆய்வில் தெரிந்திருக்கிறது. அமெரிக்கா 2009-இல் சுவையூட்டிய சிகரெட்டுகளைத் தடை செய்தபோது மெந்தாலை மட்டும் விட்டுவைத்தது. அறிவியலைவிட வியாபாரம் உரக்கப் பேசிய இடம் என்பது என் எண்ணம்.

சிகரெட் தொண்டையை அறுக்கிறது, இது மென்மையாக இருக்கிறது. அப்படியானால் நிகோடின் குறைவுதானே?

நேர்மாறாகவும் இருக்கலாம். சாதாரண நிகோடின் காரத்தன்மை உடையது. செறிவு கூடினால் தொண்டையைச் சுடும். அதில் பென்சாயிக் அமிலம் போன்ற ஓர் அமிலத்தைச் சேர்த்து உப்பாக்கினால் கடுமை அடங்கிவிடுகிறது. 2015-இல் அமெரிக்காவில் வந்த ஜூல் என்ற இ-சிகரெட் இந்த வழியைப் பிரபலமாக்கியது. அதன் திரவத்தில் மில்லிலிட்டருக்கு 59 மில்லிகிராம் நிகோடின் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கும் உச்சவரம்பே 20 மில்லிகிராம்தான். ஒரு சிறு குப்பியில் இருபது சிகரெட் கொண்ட ஒரு பாக்கெட்டுக்கு ஈடான நிகோடின் இருப்பதாக அந்த நிறுவனமே சொன்னது. அமிலம் கடுமையை அடக்க, மெந்தால் எரிச்சலை மறைக்க, பழமணம் வரவேற்க, உள்ளே போவது எவ்வளவு என்று தொண்டைக்குத் தெரியவே தெரியாது.

பெரியவர்களும்தான் இழுக்கிறார்கள். பிள்ளைகளை மட்டும் ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறீர்கள்?

மூளை வளர்ந்து முடிய ஏறக்குறைய 25 வயதாகிறது. பரிசைத் தேடும் பகுதி பதின்ம வயதிலேயே முழு வேகத்தில் ஓடத் தொடங்கிவிடும். 'வேண்டாம், யோசி' என்று பிரேக் போடும் முன்நெற்றிப் பகுதி கடைசியில்தான் முதிர்கிறது. கவனத்தையும் கற்றலையும் வடிவமைப்பதில் அசிட்டைல்கோலினுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தக் கட்டுமானம் நடக்கும் நேரத்தில் கள்ளச்சாவிக்காரன் உள்ளே நுழைகிறான்.

யார் எதை விரும்புகிறார்கள் என்பதையும் பாருங்கள். அமெரிக்காவின் 2024 பள்ளி மாணவர் கணக்கெடுப்பில் 16 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இ-சிகரெட் பயன்படுத்துவதாக மதிப்பிடப்பட்டது. அவர்களில் 87.6 சதவீதம் பேர் சுவையூட்டியதைப் பயன்படுத்தியவர்கள். முதலிடம் பழச்சுவைக்கு.

சிகரெட்டை விட நினைக்கும் பெரியவருக்கு இந்தச் சுவைதானே உதவுகிறது? அதையும் பறித்தால் அவர் பழைய பீடிக்கே போய்விடமாட்டாரா?

நியாயமான கேள்வி, மழுப்ப விரும்பவில்லை. நிகோடின் பட்டை, சூயிங்கம் போன்றவற்றைவிட நிகோடின் உள்ள இ-சிகரெட் அதிகம் பேருக்குச் சிகரெட்டைக் கைவிட உதவுகிறது என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு வலுவான சான்றுகளோடு சொல்கிறது. பிரிட்டனில் மருத்துவர்களே அதைப் பரிந்துரைக்கிறார்கள். எரியும் புகையிலையின் தாரும் கார்பன் மோனாக்சைடும் இதில் இல்லை. நாற்பது வருடம் புகைத்தவருக்குப் புகையிலை மணத்திலிருந்து விலகிப் பழமணத்துக்குப் போவது பழைய விளக்கை அணைக்க உதவலாம். அதே மணம் ஒருபோதும் புகைக்காத பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் புது விளக்கை ஏற்றுகிறது.

இரண்டும் உண்மை. நாடுகள் வெவ்வேறு பக்கம் சாய்வதும் இதனால்தான். பிரிட்டன் இ-சிகரெட்டை அனுமதித்துக்கொண்டே, ஒருமுறை பயன்படுத்தி எறியும் வகையை மட்டும் 2025 ஜூன் 1 முதல் தடை செய்தது. இந்தியாவில் புகையை விட நினைப்பவருக்கு நிகோடின் சூயிங்கமும் மருத்துவர் தரும் மாத்திரைகளும் சட்டப்படி கிடைக்கின்றன. அவர் அங்கிருந்து தொடங்கட்டும் என்பது என் கட்சி.

இந்தியாவில்தான் தடை இருக்கிறதே, பிறகு எப்படிக் கிடைக்கிறது?

2019 செப்டம்பரில் அவசரச் சட்டமாக வந்து, அதே ஆண்டு முழுச் சட்டமானது. விற்றால் முதல் முறை ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எப்படிக் கிடைக்கிறது என்பதைக் காவல் துறையைத்தான் கேட்க வேண்டும். ஜியோமெட்ரி பாக்ஸ் வரை வந்ததை மட்டும் நான் பார்த்தேன்.

சிங்கப்பூரில் இருக்கும் என் தங்கை, இதில் மயக்க மருந்து கலக்கிறார்கள் என்கிறாள். நிஜமா?

நிஜம். எட்டோமிடேட் என்பது அறுவை சிகிச்சைக்கு முன் மயக்கம் கொடுக்கப் பயன்படும் மருந்து. அதைக் கலந்த வேப்கள் சிங்கப்பூரில் பிடிபட்டதால், 2025 செப்டம்பர் 1 முதல் அது அங்கே போதைப்பொருள் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நிகோடின் மூளையைத் தூண்டுகிறது என்றால் இது அணைக்கிறது. நின்ற இடத்தில் தள்ளாடி விழுவார்கள். பழமணம் அடித்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று மூக்கால் கண்டுபிடிக்க முடியாது. லேபிளைப் பற்றி மேலே சொன்னது இங்கே இரட்டிப்பாகப் பொருந்தும்.

விட்டுவிட்டால் மூளை பழையபடி ஆகிவிடுமா?

ஏற்பிகளைப் பொறுத்தவரை நல்ல செய்தி. புகைப்பதை நிறுத்தியவர்களை ஸ்கேன் செய்து பார்த்ததில், ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் ஏற்பிகளின் எண்ணிக்கை புகைக்காதவர்களின் அளவுக்கு இறங்கியிருந்தது. முதல் மூன்று நான்கு நாள்தான் பாடாய்ப் படுத்தும். பெரும்பாலான தொல்லைகள் இரண்டு முதல் நான்கு வாரத்தில் தணிந்துவிடும். அந்த நாள்களில் பிள்ளை சிடுசிடுத்தால் 'திமிர்' என்று பெயர் வைக்காதீர்கள். தனியாகச் சமாளிக்க முடியவில்லை என்றால், புகையிலைப் பழக்கத்தை விட உதவும் தேசியக் கட்டணமில்லா எண் 1800-11-2356.

விளக்கின் நினைவு அத்தனை சீக்கிரம் போகாது. அதைக் கடைசிக் கேள்வியில் பார்க்கலாம்.

சார், நான் விட்டு இரண்டு மாதம் ஆகிறது. இனி மாம்பழம் சாப்பிட்டாலே அது நினைவுக்கு வருமா?

கேட்டது அந்த ஜியோமெட்ரி பாக்ஸ்காரனேதான். வரலாம். விளக்கு எரிந்தும் சாறு வராமலே பலமுறை நடந்தால், விளக்குக்கான துடிப்பு மெல்ல அடங்கும். ஆனால் அழிவதில்லை; பழைய பாடத்தின் மேல் புதுப் பாடம் ஒன்று எழுதப்படுகிறது, அவ்வளவுதான். அடங்கிப்போன பழக்கம் சிறிது ஓய்வுக்குப் பிறகு திடீரென்று தலைகாட்டுவதை ரஷ்ய உடலியலாளர் பாவ்லோவ் தன் சோதனை நாய்களிடமே கவனித்து எழுதியிருக்கிறார். திடீரென்று ஒருநாள் ஆசை எழுந்தால், அதுவரை விட்டிருந்தது வீண் என்று நினைத்துவிடக் கூடாது.

அவனுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். மூளை கற்றுக்கொண்டது அந்தக் கருவியின் மிட்டாய் மணத்தை. நார் பல்லில் சிக்கி, சாறு முழங்கை வரை வழியும் நிஜப் பழத்தை அல்ல. அந்தப் பழத்தோடு அவனுக்குப் பாட்டி வீடும் கோடை விடுமுறையும்தான் ஒட்டியிருக்கின்றன. பங்கனப்பள்ளியைத் தாராளமாகச் சாப்பிடட்டும். விளையாட்டு மைதானத்துக்குப் பின்னால், சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டிய அந்தக் காம்பவுண்டுச் சுவர்ப் பக்கம் மட்டும் இன்னும் சில மாதம் போகாமல் இருந்தால் நல்லது.